ஸ்விட்ச்சிங் பவர் சப்ளைகளின் இரைச்சல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய இரும்புக்கரு டிரான்ஸ்ஃபார்மர்களின் இடத்தை, மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடி மின்னழுத்தத்தை மாற்றும் ஸ்விட்ச்சிங் பவர் சப்ளைகள் பிடித்தது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் மின் இரைச்சலைப் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே சிக்கலைப் பலர் கேட்டிருந்த இடங்களில் தெளிவாக எழுதப்பட்டிருந்த ஒரு கடிதத்தைத் தேர்ந்துகொண்டோம்.

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுப்பதற்காக, எல்.எம். 2596 சில்லு பொருத்திய சிறிய நீலப் போர்டு ஒன்றை வாங்கினேன். அதை இயக்கியதும் அருகிலுள்ள வானொலிப் பெட்டியில் 936 கிலோஹெர்ட்ஸில் கேட்கும் திருச்சி நிலையம் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. போர்டில் ஏதேனும் பழுதா? — கரூர் வாசகர்

பழுது என்று சொல்வதற்கில்லை. அந்தப் போர்டு தன் வேலையைச் செய்வதாலேயே இரைச்சலும் எழுகிறது. அதன் சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் நொடிக்குச் சுமார் 1,50,000 முறை மின்னோட்டத்தை முழுவதுமாகத் திறந்துவிட்டு, முழுவதுமாக நிறுத்துகிறது. இவ்வாறு வெட்டி வெட்டி விடப்படும் மின்னழுத்தத்தில் 150 கிலோஹெர்ட்ஸ் அலையோடு, அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று மேலே செல்லும் மடங்கலைகளும் கலந்தே இருக்கும். ஆறாவது மடங்கு 900 கிலோஹெர்ட்ஸ்தானே, 936-ஐ அது ஏன் தொட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இந்தச் சில்லின் அதிர்வெண் 127 முதல் 173 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. ஆகவே உங்கள் போர்டின் ஆறாவது மடங்கலை 762-க்கும் 1,038-க்கும் இடையில் எந்த இடத்திலும் விழக்கூடும். சில்லு சூடேறும்போது அதிர்வெண்ணும் சிறிது நகரும். இயக்கிய சில நிமிடங்களுக்குள் வானொலியில் கேட்கும் சீழ்க்கையின் சுதி மாறினால் அதற்குக் காரணம் இதுவே.

இரைச்சலின் அளவை முதன்மையாகத் தீர்மானிப்பது போர்டில் உள்ள ஒரு சிறிய சுற்றுப்பாதை. உள்ளீட்டுக் கெப்பாசிட்டரின் நேர்முனையில் புறப்பட்டு, சில்லின் டிரான்சிஸ்டர் வழியாக ஷாட்கி டயோடை அடைந்து, கிரவுண்டு வழியாக அதே கெப்பாசிட்டரின் எதிர்முனைக்குத் திரும்பும் பாதை அது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் இவ்வகைக் கன்வெர்ட்டரில் காயிலின் மின்னோட்டம் மெதுவாக ஏறி இறங்குகிறது, ஆனால் இந்தச் சுற்றுப்பாதையின் கிளைகளில் அது ஒரே தாவலில் சுழியத்திலிருந்து முழு அளவுக்குப் போகிறது. போர்டில் ஓடும் டிராக் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு நானோஹென்றி தூண்டலை (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பை) தருவதாகக் கொள்வது வழக்கம். 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு 20 நானோஹென்றி. அதில் 3 ஆம்பியர் மின்னோட்டம் 20 நானோ நொடிக்குள் மாறினால் 3 வோல்ட் துள்ளல் எழும். 5 வோல்ட் தரும் போர்டில் 3 வோல்ட் துள்ளல் என்பது சிறிய தொந்தரவு அன்று. அதே சுற்றுப்பாதை ஒரு சிறிய ஆன்டெனாவாகவும் செயல்பட்டு, தன் பரப்பளவுக்கு ஏற்பக் காந்தப்புலத்தை வெளியே வீசுகிறது.

மலிவான நீலப் போர்டுகள் பலவற்றில் உள்ளீட்டில் உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்று மட்டுமே இருக்கும். அதன் கால்களும் உட்சுருளும் சேர்ந்து தரும் தூண்டல் இவ்வளவு வேகமான மாற்றத்துக்கு ஈடு கொடுக்காது. 50 வோல்ட் தாங்கும் 1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை, சில்லின் உள்ளீட்டுக் காலுக்கும் டயோடின் கிரவுண்டு முனைக்கும் இடையில், இயன்ற அளவு குறுகிய தொலைவில் சால்டர் செய்யுங்கள். ஏற்கெனவே உள்ள எலக்ட்ரோலிட்டிக்கை எடுத்துவிட வேண்டாம். நீண்ட வயரின் மறுமுனையில் செராமிக் மட்டும் தனியாக இருந்தால், பேட்டரியை இணைக்கும் கணத்தில் உள்ளீட்டு மின்னழுத்தம் ஏறக்குறைய இரு மடங்குக்குத் துள்ளி எழக்கூடும். எலக்ட்ரோலிட்டிக்கின் உள்மின்தடைதான் அந்தத் துள்ளலை அடக்குகிறது.

அடுத்து வயர்கள். மீட்டர் கணக்கில் நீளும் உள்ளீட்டு, வெளியீட்டு வயர்கள் போர்டைவிட நல்ல ஆன்டெனாக்கள். நேர், எதிர் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய ஃபெரைட் (காந்தப் பண்புள்ள பீங்கான்) வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். கடைகளில் விற்கும், வயரின் மேல் கவ்விக்கொள்ளும் சிறிய ஃபெரைட் உருளை ஒற்றைச் சுற்று மட்டுமே. மத்திய அலை வரிசையில் அதனால் பயன் காண்பது அரிது. தூண்டல் சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், ஒரு சுற்றுக்கும் பத்துச் சுற்றுக்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்கு. இத்தனையும் செய்வதற்கு முன் வானொலிப் பெட்டியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அதன் உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு ஆன்டெனா, தன் முனை நோக்கும் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய கேட்பதே இல்லை. காசு செலவில்லாத இந்த வழியால் தீர்ந்துபோகும் புகார்களும் உண்டு.

எடை மேடைகளுக்கான மின்னணுப் போர்டு தயாரிக்கிறோம். 24 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டரின் வெளியீட்டில் 220 மைக்ரோஃபாரட் இருந்தது. இரைச்சல் இருந்ததால் 2,200 ஆக மாற்றினோம். ஆசிலோஸ்கோப்பில் ஊசி போன்ற துள்ளல்கள் 200 மில்லிவோல்ட் அளவில் அப்படியே இருக்கின்றன, எடையின் கடைசி இலக்கமும் நிலைகொள்ளாமல் ஆடுகிறது. இன்னும் பெரிய கெப்பாசிட்டர் வைக்கலாமா? — கோயம்புத்தூர் வாசகர்

வேண்டாம். நீங்கள் பார்ப்பது ஒன்றல்ல, இரண்டு. கன்வெர்ட்டரின் வெளியீட்டில், ஸ்விட்ச்சிங் அதிர்வெண்ணில் மெல்ல ஏறி இறங்கும் ரிப்பிள் ஒன்று. டிரான்சிஸ்டர் திறக்கும், மூடும் கணங்களில் மட்டும் தோன்றி மறையும், பல மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஊசித் துள்ளல் மற்றொன்று. இவற்றுக்குக் காரணமும் வேறு, மருந்தும் வேறு. ஊசித் துள்ளலுக்காக எலக்ட்ரோலிட்டிக்கைப் பெரிதாக்குவது தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பதைப் போன்றது.

முதலில் உங்கள் அளவீட்டையே சோதியுங்கள். ஆசிலோஸ்கோப் புரோபுடன் வரும் முதலைக் கவ்வி கொண்ட கிரவுண்டு வயர் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். அந்த வயரும் புரோபும் சேர்ந்து உருவாக்கும் வளையத்துக்குள் காயிலின் காந்தப்புலம் புகுந்து, போர்டில் இல்லாத துள்ளலைத் திரையில் காட்டிவிடும். புரோபின் முனையை அதன் சொந்தக் கிரவுண்டு கவ்வியோடே இணைத்து, இரண்டையும் வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் எதிர்முனையில் வையுங்கள். அங்கே மின்னழுத்த வேறுபாடு எதுவும் இருக்க முடியாது. அப்போதும் திரையில் துள்ளல் தெரிந்தால், அந்த அளவுக்கு உங்கள் 200 மில்லிவோல்ட்டில் பொய் கலந்திருக்கிறது. பிறகு புரோபின் மூடியைக் கழற்றி, முனையை ஒட்டிய உலோக வளையத்தில் ஒரு சிறிய ஸ்பிரிங் கிரவுண்டைச் செருகி, செராமிக் கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் நேரடியாகத் தொட்டு அளக்கவும். ரிப்பிளை மட்டும் தனியே காண வேண்டுமானால் ஆசிலோஸ்கோப்பின் 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பை இயக்கிக்கொள்ளுங்கள். ஊசித் துள்ளலைத் தேடும்போது அந்த வரம்பை நீக்கிவிட வேண்டும்.

இனி ரிப்பிள். 150 கிலோஹெர்ட்ஸில் காயிலின் மின்னோட்டம் 0.6 ஆம்பியர் அளவுக்கு ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மின்னூட்டம் பெறுவதாலும் இழப்பதாலும் உண்டாகும் ரிப்பிள் 2.3 மில்லிவோல்ட் மட்டுமே. ஆனால் அதன் உள்மின்தடை 0.1 ஓம் என்றால், அந்த மின்தடையில் மட்டும் 60 மில்லிவோல்ட் எழும். ஆக, கொள்ளளவு உங்களுக்குப் பற்றாக்குறையாக இருக்கவே இல்லை. 2,200-க்கு மாறியதில் ரிப்பிள் ஓரளவு குறைந்திருந்தால், பெரிய கெப்பாசிட்டரின் உள்மின்தடை குறைவாக இருந்ததே அதற்குக் காரணம். இந்த உள்மின்தடை வயதாக ஆக உயர்ந்துகொண்டே போகும் என்பதால், இன்று அமைதியாக இருக்கும் எடை மேடை சில கோடைகளுக்குப் பிறகு ஆடத் தொடங்கலாம்.

நான் பரிந்துரைப்பது இரண்டாம் கட்ட வடிகட்டி. இப்போதுள்ள வெளியீட்டுக்குப் பிறகு 2.2 மைக்ரோஹென்றி காயில் ஒன்றும், அதை அடுத்து 22 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றும் வையுங்கள். இந்த இணையின் ஒத்ததிர்வு 23 கிலோஹெர்ட்ஸ் அளவில் அமைவதால், 150 கிலோஹெர்ட்ஸில் ரிப்பிள் ஏறத்தாழ 40-இல் ஒரு பங்காகும். அதாவது 60 மில்லிவோல்ட் ஒன்றரை மில்லிவோல்ட்டாகச் சுருங்கும். இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 22 என்று விற்கப்படும் செராமிக் கெப்பாசிட்டர், 5 வோல்ட் நேர்மின்னழுத்தம் அதன்மேல் நிற்கும்போது 11 ஆகிவிடக்கூடும். 6.3 வோல்ட் தாங்கும் மிகச் சிறிய உருவங்களில் இந்த இழப்பு மோசமானது. 25 வோல்ட் தாங்கும், சற்றே பெரிய உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். காயிலின் பூரித மின்னோட்டம், அதாவது அதன் தூண்டல் சரியத் தொடங்கும் அளவு, உங்கள் முழுச் சுமையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். காயிலுக்குப் பதிலாக ஃபெரைட் மணி வைத்தால் போதாதா என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த மணியின் தரவுத்தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் ஓம் மதிப்பு 100 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது, அதுவும் நேர்மின்னோட்டம் எதுவும் ஓடாத நிலையில் அளந்தது. 150 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிளுக்கு அது வெறும் வயர் மாதிரிதான்.

மற்றொரு கண்ணி, அடக்கப்படாத ஒத்ததிர்வு. காயிலும் செராமிக்கும் மட்டும் இருந்தால், சுமை திடீரென மாறும்போதெல்லாம் அவை 23 கிலோஹெர்ட்ஸில் நெடுநேரம் அலையும். அந்தச் செராமிக்குக்கு இணையாக, அதைவிட நான்கைந்து மடங்கு பெரிய, சுமார் 0.3 ஓம் உள்மின்தடை கொண்ட 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றை வைத்தால் அலைவு அடங்கிவிடும். முதல் கட்டத்தில் தொல்லையாக இருந்த அதே உள்மின்தடை இங்கே தேவைப்படுகிறது, எனவே விலை உயர்ந்த, உள்மின்தடை மிகக் குறைந்த வகையை இந்த இடத்துக்குத் தேடிப் போக வேண்டாம். வெளியீட்டின் அளவைச் சில்லுக்குத் தெரிவிக்கும் பின்னூட்ட வயரை இந்த வடிகட்டிக்கு முன்பிருந்தே எடுங்கள். பின்னாலிருந்து எடுத்தால் வடிகட்டியின் கட்டத் தாமதமும் கட்டுப்பாட்டுச் சுற்றில் சேர்ந்து, முழுக் கன்வெர்ட்டரும் ஊசலாடத் தொடங்கலாம்.

ஊசித் துள்ளலுக்கு வருவோம். அது காயிலின் சுற்றுகளுக்கு இடையிலுள்ள சிறிய மின்தேக்கத்தைத் தாண்டியே வெளியீட்டுக்கு வருகிறது. ஆகவே பெருமளவு வேலை, முந்தைய பதிலில் சொன்ன உள்ளீட்டுச் சுற்றுப்பாதையைச் சுருக்குவதில்தான் இருக்கிறது. அதன் பிறகு, எடை உணரியின் போர்டுக்கு மின்சாரம் நுழையும் இடத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும், ஃபெரைட் மணி ஒன்றும் வையுங்கள். பல மெகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள இந்தத் துள்ளலுக்கு அந்த மணி உண்மையிலேயே உதவும்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் ஸ்விட்ச் செய்யாமல் 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரை வைத்தால் எல்லா இரைச்சலும் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? — விருதுநகர் வாசகர்

பாதி உண்மை. 7805-இன் தரவுத்தாளில் ரிப்பிளை 60 டெசிபெலுக்கு மேல் தடுப்பதாகக் குறிப்பிட்டிருப்பது 120 ஹெர்ட்ஸுக்கு. அதிர்வெண் உயர உயர அந்தத் தடுப்பாற்றல் தேய்ந்துகொண்டே வந்து, நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் சொற்பமாகிவிடும். சில மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய ஊசித் துள்ளல் ரெகுலேட்டர் இருப்பதையே அறியாமல் மறுபக்கம் போய்விடும். ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு காயிலும் செராமிக் கெப்பாசிட்டரும் வைத்து வேகமானவற்றை வடித்துவிட்டு, மெதுவானவற்றை மட்டும் அதனிடம் விடுவதே முறை.

ஸ்விட்ச் முனையில் எழும் அலைவை அடக்க வைக்கும், ஸ்நப்பர் எனப்படும் மின்தடை–கெப்பாசிட்டர் இணைக்கு மதிப்புகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறு மதிப்புகள் இருக்கின்றன. — சேலம், பாலிடெக்னிக் மாணவி

வேறு வேறாக இருப்பதே சரி. டிராக்குகளிலும் உறுப்புகளிலும் நாம் வைக்காமலே ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு போர்டின் ஒட்டுண்ணித் தூண்டலும் ஒட்டுண்ணி மின்தேக்கமும் வேறு என்பதால், ஒரு சுற்றுக்குப் பொருந்தும் ஸ்நப்பரை மற்றொன்றுக்கு அப்படியே நகலெடுப்பதில் பொருளில்லை. ஆனால் அந்த இரண்டையும் ஆசிலோஸ்கோப் ஒன்றையும் சில செராமிக் கெப்பாசிட்டர்களையும் வைத்துக்கொண்டே அளந்துவிடலாம்.

டிரான்சிஸ்டரும் டயோடும் காயிலும் சந்திக்கும் ஸ்விட்ச் முனையைத் திரையில் பார்த்தால், ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பின்னும் மணியடித்தது போல் ஓர் அலைவு தோன்றித் தேய்வது தெரியும். அதன் அதிர்வெண் 100 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இப்போது டயோடுக்கு இணையாகச் சிறு சிறு செராமிக் கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றி வைத்து, அலைவின் அதிர்வெண் சரிபாதியாகக் குறையும் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். அது 300 பிக்கோஃபாரட் என்றால், அங்கே ஏற்கெனவே இருந்த ஒட்டுண்ணி மின்தேக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 பிக்கோஃபாரட். அதிர்வெண் பாதியாக வேண்டுமானால் மொத்த மின்தேக்கம் நான்கு மடங்காக வேண்டும் என்பதிலிருந்து இது கிடைக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸும் 100 பிக்கோஃபாரட்டும் தெரிந்துவிட்டால் ஒட்டுண்ணித் தூண்டல் சுமார் 25 நானோஹென்றி என்று கணக்கிடலாம். தூண்டலை மின்தேக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 16 ஓம் வருகிறது. ஸ்நப்பரின் மின்தடை அதை ஒட்டி 15 ஓம் ஆகவும், கெப்பாசிட்டர் ஒட்டுண்ணி மின்தேக்கத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்குக்குள், 330 அல்லது 470 பிக்கோஃபாரட் ஆகவும் இருக்கட்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கெப்பாசிட்டரின் மதிப்பையும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும், ஸ்விட்ச்சிங் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வருவது வீணாகும் மின்திறன். 470 பிக்கோஃபாரட், 24 வோல்ட், 150 கிலோஹெர்ட்ஸ் என்றால் வெறும் 40 மில்லிவாட், பொருட்படுத்த வேண்டியதில்லை. அதே ஸ்நப்பரை, 325 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இயங்கும் வீட்டு மின்சாரப் பக்கத்தில் வைத்தால் 7 வாட்டைத் தாண்டிவிடும், மின்தடை கருகிப்போகும். மேலும், மின்தடை வயர் சுற்றப்பட்ட வகையாக இருக்கக் கூடாது. தூண்டலை அடக்க வந்த உறுப்பே தூண்டலைச் சேர்த்துவிடும். ஸ்நப்பர் ஒன்றைப் பொருத்துவதற்கு முன் அந்தச் சுற்றுப்பாதையைச் சுருக்க முடியுமா என்று பார்ப்பதே என் பழக்கம். 25 நானோஹென்றியை 10 ஆக்கிவிட்டால், ஸ்நப்பர் தேவைப்படாமலே போகலாம்.

போர்டு வடிவமைப்பில், பவர் கிரவுண்டையும் சிக்னல் கிரவுண்டையும் பிரித்து ஒரே இடத்தில் மட்டும் இணைக்க வேண்டும் என்று கற்றோம். ஸ்விட்ச் முனையின் செம்புப் பரப்பை வெப்பத்துக்காகப் பெரிதாகவும் வைக்கச் சொல்கிறார்கள். இரண்டும் சரியா? — சென்னை, வடிவமைப்புப் பொறியாளர்

முதலாவதை நான் ஏற்பதில்லை. உயர் அதிர்வெண் மின்னோட்டம் திரும்பும் பாதை, போகும் டிராக்குக்கு நேர் கீழேயுள்ள கிரவுண்டுத் தளத்தில்தான் அமையும். குறைந்த தூண்டல் அங்கேதான் இருக்கிறது. தளத்தை வெட்டிப் பிளந்துவிட்டு, அந்தப் பிளவைத் தாண்டி ஒரு டிராக்கை ஓட்டினால், திரும்பும் மின்னோட்டம் பிளவைச் சுற்றி நீண்ட வளையமாகப் போக வேண்டியிருக்கும். இரைச்சலைக் குறைக்கச் செய்த வேலையே இரைச்சலைக் கூட்டிவிடும். நான்கு அடுக்குப் போர்டில் இரண்டாம் அடுக்கை வெட்டு எதுவுமில்லாத முழுக் கிரவுண்டாக விட்டுவிட்டு, உறுப்புகளைப் பிரித்து வைப்பதில் கவனம் செலுத்துங்கள். உள்ளீட்டுக் கெப்பாசிட்டரும் டிரான்சிஸ்டர்களும் ஒரு மூலையில் நெருங்கி அமரட்டும், பின்னூட்ட மின்தடைகள் சில்லின் காலை ஒட்டி, காயிலுக்கு எதிர்ப்புறத்தில் இருக்கட்டும். மேலடுக்குக்கும் கிரவுண்டுத் தளத்துக்கும் உள்ள இடைவெளி மெல்லியதாக இருந்தால், வேகமான சுற்றுப்பாதையின் காந்தப்புலத்தைத் தளத்தில் எழும் எதிர் மின்னோட்டமே பெருமளவு அழித்துவிடும்.

ஸ்விட்ச் முனையைப் பொறுத்தவரை உங்கள் தயக்கம் நியாயமானது. நொடிக்குப் பல லட்சம் முறை மேலும் கீழும் தாவும் அந்தச் செம்பு, சுற்றியுள்ள எல்லாவற்றோடும் மின்தேக்கத்தால் பிணைந்திருப்பதால் சிறிதாக இருப்பதே நல்லது. ஆனால் டயோடுக்குப் பதிலாக வைக்கப்படும் கீழ்ப்பக்க மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டரின் வெப்பம் வெளியேறும் முனையும் அதுவே என்பதால் முற்றிலும் சுருக்கவும் முடியாது. மாஸ்ஃபெட்டுக்கும் காயிலுக்கும் இடையே தேவையான அகலத்தை மட்டும் கொடுத்து, எஞ்சிய வெப்பத்தை மின்னழுத்தம் தாவாத கிரவுண்டு, உள்ளீட்டுத் தளங்கள் வழியாக வெளியேற்றுங்கள். காயிலின் ஒரு முனையில் புள்ளி அச்சிடப்பட்டிருந்தால், சுற்றல் தொடங்கும் அந்த முனையை ஸ்விட்ச் முனையோடு இணையுங்கள். தாவும் சுற்றுகள் உள்ளே மறைந்து, அமைதியான வெளிச்சுற்றுகள் அவற்றுக்குத் திரையாகிவிடும். மின்னழுத்தத்தை உயர்த்தும் கன்வெர்ட்டரானால் வேகமான சுற்றுப்பாதை வெளியீட்டுப் பக்கத்தில் இருக்கும் என்பதை மறந்து, உள்ளீட்டுக் கெப்பாசிட்டரையே பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

சார்ஜரில் போட்டபடி கைத்தொலைபேசியைப் பயன்படுத்தினால் தொடுதிரை தானாகவே தாவுகிறது. மடிக்கணினியின் உலோக உடலைத் தடவினால் கூச்சம்போல் ஒன்று கையில் ஏறுகிறது. இரண்டும் ஆபத்தா? — யாழ்ப்பாண வாசகி

வெவ்வேறு போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே உறுப்பின் இரு முகங்கள். சார்ஜருக்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரின் இரு சுற்றல்களுக்கும் இடையே மின்தேக்கம் உண்டு. வீட்டு மின்சாரப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் தாவும்போது, அந்த மின்தேக்கம் வழியாக உயர் அதிர்வெண் மின்னோட்டம் தொலைபேசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. அது வயரின் நேர், எதிர் இரண்டிலும் ஒன்றுபோலவே ஏறுவதால் வெளியீட்டுக் கெப்பாசிட்டரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. தொலைபேசி முழுவதுமே நிலத்தைப் பொறுத்து அதிர்கிறது. நீங்கள் விரலை வைக்கும்போது, விரலின் மின்தேக்கத்தை அளந்து தொடுதலை அறியும் திரை, இந்த அதிர்வையும் தொடுதல் என்று எண்ணிவிடுகிறது.

இந்த மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே குறுக்கு வழியில் திரும்பிப் போவதற்காக, இரு பக்கங்களுக்கும் இடையில் ‘ஒய்’ வகைக் கெப்பாசிட்டர் ஒன்றை வைப்பது வழக்கம். 1,000 முதல் 2,200 பிக்கோஃபாரட் வரை இருக்கும். செலவைக் குறைக்க அதை விட்டுவிடும் சார்ஜர்களில் திரை தாவும். அதை வைத்த அடாப்டர்களில், எர்த் இணைப்பு இல்லாதபோது, 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் மிகச் சிறிதளவு அதன் வழியே கசிந்து கூச்சத்தைத் தரும். 230 வோல்ட் முழுவதும் 2,200 பிக்கோஃபாரட்டின் மேல் விழுந்தாலும் அது 0.16 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. நல்ல அடாப்டரில் இந்தக் கூச்சம் உயிருக்கு ஆபத்தானதன்று. எர்த் உள்ள மூன்று பின் வயரையும், உண்மையிலேயே நிலத்தோடு இணைக்கப்பட்ட சாக்கெட்டையும் பயன்படுத்தினால் அது மறைந்துவிடும். திரை தாவும் சார்ஜரை மட்டும் மாற்றிவிடுங்கள். அந்த உறுப்பையே மிச்சம் பிடித்தவர் பாதுகாப்பு இடைவெளிகளிலும் மிச்சம் பிடித்திருக்கக்கூடும். திறந்து நீங்களாகவே ஒரு சாதாரணக் கெப்பாசிட்டரைப் பொருத்தும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சாதாரணக் கெப்பாசிட்டர் பழுதாகி இரு முனைகளும் ஒன்றானால், வீட்டு மின்சாரம் நேராக உங்கள் கைக்கு வந்துவிடும். ‘ஒய்’ வகை அப்படி நேராதபடி தயாரித்துச் சான்றளிக்கப்படுவது.

இரவில் அடாப்டரிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. சுமை கூடினால் நின்றுவிடுகிறது. ஏன்? — நாகர்கோவில் வாசகர்

சுமை மிகக் குறைவாக இருக்கும்போது, ஆற்றலைச் சேமிப்பதற்காகச் சில்லு பல துடிப்புகளைத் தவிர்த்துவிட்டு, கொத்துக் கொத்தாக இயங்குகிறது. அந்தக் கொத்துகள் வரும் வேகம் காதுக்கு எட்டும் அதிர்வெண்ணுக்கு இறங்கும்போது, காயிலும் செராமிக் கெப்பாசிட்டரும் அந்தத் தாளத்தில் அதிர்ந்து ஒலிக்கின்றன. கெடுதல் இல்லை.

நாங்கள் எல்.இ.டி. விளக்குகளுக்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் போர்டு தயாரிக்கும் சிறு நிறுவனம். அடாப்டர்களில் பெரும்பாலும் 65 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் இருப்பதைப் பார்த்து நாங்களும் அதையே தேர்ந்தெடுத்தோம். ஆனாலும் பரிசோதனைக் கூடத்தில் இரைச்சல் சோதனையில் தேறவில்லை. எங்கே தவறு? — ஓசூர் வாசகர்

அடாப்டர்களுக்கான கணக்கை விளக்குக்குப் பயன்படுத்தியதுதான் முதல் தவறு. வானொலி இடையூறுகளைக் கட்டுப்படுத்த 1934-இல் அமைக்கப்பட்ட சிஸ்பர் என்னும் சர்வதேசக் குழு வகுத்த வரம்புகளே இத்துறையில் அடிப்படை. அடாப்டர்களும் கணினிகளும் அடங்கும் சிஸ்பர் 32-இல், மின்வயர் வழியாக வெளியேறும் இரைச்சலின் வரம்பு 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 65-இன் இரண்டாம் மடங்கு 130 என்பதால், மிக வலிமையான முதல் இரண்டு அலைகளும் வரம்புக்குக் கீழே தப்பிவிடுகின்றன. மூன்றாவதான 195-இலிருந்து மேலே உள்ளவற்றை அடக்கினால் போதும். ஆனால் விளக்குகளுக்கான சிஸ்பர் 15-இன் வரம்பு 9 கிலோஹெர்ட்ஸிலேயே தொடங்குவதால், அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது.

வரம்பு எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். வீடுகளில் பயன்படும் கருவிகளுக்கு 500 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதிக்கப்படுவது 56 டெசிபெல் மைக்ரோவோல்ட், அதாவது 0.63 மில்லிவோல்ட் அளவே. உங்கள் டிரைவருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தாவிக்கொண்டிருக்கிறது. மாஸ்ஃபெட்டை மெல்லிய காப்புத் தாள் வைத்து உலோக உடலில் திருகியிருந்தால், அந்தத் தாளின் இரு பக்கமும் சேர்ந்து 50 பிக்கோஃபாரட் அளவுக்கு ஒரு கெப்பாசிட்டராகும். 300 வோல்ட் 50 நானோ நொடிக்குள் தாவும்போது அதன் வழியே 0.3 ஆம்பியர் துடிப்பு எர்த்துக்கு ஓடும். எந்த வடிகட்டியை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள். மாஸ்ஃபெட்டின் வெப்பத் தகட்டை உடலோடு சேர்க்காமல் தனியே காப்பிட்டு, உள்பக்க நேர்மின்னழுத்தத்தின் எதிர்முனையோடு இணைத்துவிட்டால், அந்தத் துடிப்பு வெளியே வராமல் உள்ளேயே சுற்றிக்கொள்ளும். அப்போது அந்தத் தகடு வீட்டு மின்சாரத்தோடு தொடர்புடையதாகிவிடுவதால், விளக்கைத் திறக்கும் எவர் கையும் அதில் படாதபடி மூடியிருக்க வேண்டும்.

சோதனை அறிக்கையின் வரைபடத்தையும் மீண்டும் பாருங்கள். பொதுவாக ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மீறல், இரு மின்வயர்களுக்கும் இடையில் ஓடும் ரிப்பிளால் வருவது. அதற்கு வயர்களின் குறுக்கே ‘எக்ஸ்’ வகைக் கெப்பாசிட்டரைக் கூட்டுவதும், தனிக் காயில் சேர்ப்பதும் உதவும். அதற்கு மேலே உள்ள மீறல் பெரும்பாலும் இரு வயர்களிலும் ஒன்றாக வெளியேறி எர்த் வழியாகத் திரும்பும் இரைச்சல். அதற்கு, இரு வயர்களும் ஒரே ஃபெரைட் வளையத்தில் சுற்றப்பட்ட காயில் வேண்டும். எது எதுவென்று அறியாமல் இரண்டையும் பெரிதாக்கிக்கொண்டே போனால் செலவு கூடும், தேர்ச்சி வராது. வடிகட்டியைப் போர்டில் மின்சாரம் நுழையும் முனையிலேயே வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வைத்தால், வடிகட்டியைத் தாண்டிக் காந்தப்புலமே வயரில் ஏறிக்கொள்ளும். மாஸ்ஃபெட்டின் கேட் மின்தடையைச் சற்றுக் கூட்டித் திறக்கும் வேகத்தைக் குறைப்பதும் பயன் தரும், ஆனால் ஒவ்வொரு ஓமும் வெப்பமாகத் திரும்பி வரும் என்பதால், மூடப்பட்ட விளக்கில் அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள். ‘எக்ஸ்’ கெப்பாசிட்டரை 0.1 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் உயர்த்தினால், மின்சாரத்தை நிறுத்திய பின் அதை வெறுமையாக்க, அதன் குறுக்கே உயர்மதிப்பு மின்தடை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.